மூன்றாவது விண்ணப்பம்

தையல் மெஷினை ஓரங்கட்டிவிட்டு, லேப்டாப் முன்னால் விறைப்பாக உட்கார்ந்தாள் தையற்காரி. யாரும் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம் என்று மென்பொருளை இலவசமாகத் தரும் தன்னார்வலர் குழு ஒன்றில் உறுப்பினராவதற்கு இன்று நேர்காணல்.

"ரெண்டு தடவை போட்ட விண்ணப்பமும் கிணத்துல போட்ட கல்லாக் கிடக்கு. இன்னும் ஏன் அவங்க வாசல்ல நிக்கிறே?" என்றார் கணவர்.

"சேராம விடமாட்டேங்க."

திரையில் குழுவின் செயலாளர் தோன்றினார். முதல் இரண்டு விண்ணப்பங்களும் என்னவாயின என்று கேட்டாள் அவள்.

"உங்ககிட்டேருந்து எங்களுக்கு வந்தது இது ஒண்ணுதாம்மா. எட்டு மாசமா யாருமே சேர ஆசைப்படலை. போன வாரத்துலேருந்து என்ன மாயமோ, உங்களோடதுல ஆரம்பிச்சு நாப்பது வந்து குவிஞ்சிருக்கு!"

"அப்படியா சார்!" அவள் முகம் மலர்ந்தது.

"ஆனா எங்க மென்பொருள்ல ஏதாவது வேலை செஞ்சவங்களுக்குத்தான் இடம். அந்தக் கட்டத்தை நீங்க காலியா விட்டிருக்கீங்களே?"

"செஞ்ச வேலை சரியா வந்துச்சான்னு அப்போ எனக்கே தெரியாது சார்."

"என்ன வேலை?"

"உங்க விண்ணப்பப் படிவத்துல 'அனுப்பு' பட்டனை அழுத்தினா, 'நன்றி'ன்னு வரும்; விண்ணப்பம் மட்டும் போகாது. ரெண்டு தடவை ஏமாந்த பிறகு, நானே பிரிச்சுப் பார்த்துத் திருத்தி அனுப்பினேன். அந்தத் திருத்தத்தை உங்க ஆளுங்களும் போன வாரம் மென்பொருள்ல சேர்த்துக்கிட்டாங்க. உடனே மூணாவது தடவையா விண்ணப்பிச்சேன்."

செயலாளர் புருவத்தைச் சுருக்கினார். "அது சரியாயிடுச்சுன்னு எதை வச்சும்மா சொல்றீங்க?"

"என் விண்ணப்பம் உங்க கையில இருக்கே சார்!"