மூன்றாவது பொருள்

அகராதி அலுவலகத்தில் அன்று காலையில்தான் 'தேடு' என்ற சொல்லுக்கு எதிரே 'வழக்கொழிந்தது' என்று குறித்துவிட்டு வந்திருந்தாள் அமுதவல்லி. பழைய பதிப்பில் அதற்கு இரண்டு பொருள்: தொலைந்ததைக் காண முயல், செல்வம் சேர். சாவி முதல் பிள்ளை வரை எல்லாமே இருக்குமிடத்தை வரைபடத்தில் காட்டும்போது அந்தச் சொல் யாருக்கு வேண்டும்?

சாயங்காலம் மகள் ஆதிரையின் புள்ளி வரைபடத்திலிருந்து மறைந்தது.

"புள்ளி வரட்டும்மா, சொல்றோம்" என்று காவல் நிலையத்தில் கையை விரித்தார்கள்.

அமுதவல்லி மகள் பெயரைக் கத்திக்கொண்டே தெருத்தெருவாக அலைந்தாள். ஒரு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இருப்பிடம் காட்டும் கைப்பட்டையை அணைத்துக் கழற்றிப் போட்டுவிட்டு ஒளிந்திருந்தாள் ஆதிரை.

"இவ்வளவு நேரம் என்னம்மா பண்ணினே?"

"தேடினேன்டி."

"அப்படின்னா?"

மனப்பாடமாயிருந்த இரண்டு பொருளும் போதவில்லை.

"நீ கிடைக்கிற வரைக்கும் வீட்டுக்குப் போகாம இருக்கிறது."