மைக் பட்டன்

முதலில் சிரித்தது அவன்தான்.

சுவர் முழுக்க டி.வி.க்கள். எல்லாவற்றிலும் ஒரே அருவி கொட்டிக்கொண்டிருந்தது. விற்பனைப் பெண் ஒன்றை மட்டும் அருவியிலிருந்து மாற்றி, ரிமோட்டை அப்பாவின் கையில் கொடுத்தாள். வீட்டில் நாள் முழுக்க டி.வி. பார்க்கப்போவது அவர்தான் என்று பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டிருந்தாள்.

"எழுத்தெல்லாம் தேடிட்டு இருக்க வேண்டியதில்லைங்கய்யா. இந்த மைக் பட்டனை அமுத்திட்டு என்ன வேணுமோ சொல்லுங்க. தமிழ்லயே சொல்லலாம்."

அவளுக்கு எப்படித் தெரியும்.

அவனுக்குத் தெரியும். 'குடுங்கப்பா, நான் பாக்கறேன்' என்று கை நீட்டியிருந்தால் போதும். அந்த நேரம் பார்த்து, அடுத்த டி.வி.யின் பின்பக்கத்தில் எத்தனை ஒயர் குத்தலாம் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பா பட்டனை அழுத்தினார். ரிமோட்டை வாயருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார்.

பேசுவதற்கு முன் அவர் அப்படித்தான்.

கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். அங்கே இருக்கும் இரைச்சலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. கையைக் காட்டுவார்கள், தலையை ஆட்டுவார்கள். திருமூர்த்தி கை பட்டால் நூல் பிசகாது என்று பெயர். அவருக்குப் பேச்சு திக்கும் என்பது பட்டறையில் பாதிப் பேருக்குத் தெரியாது.

"ப... ப..."

திரையில் எழுத்து விழுந்தது. அவர் திக்கத் திக்க, அவ்வளவு பெரிய திரையில், ஒவ்வொன்றாக.

பா பா பா பா.

பிறந்ததிலிருந்து அவன் அதைக் கேட்டிருக்கிறான். எழுத்தில் பார்த்ததில்லை.

மிச்சச் சொல் வருவதற்குள் டி.வி. தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. வெள்ளை ஆட்டுக்குட்டிகள் குதித்துக்கொண்டு வந்தன. கைக்குழந்தைகளுக்குப் போடும் 'பா பா' இங்கிலீஷ் பாட்டு. கடை அதிர ஓடியது.

சிரித்துவிட்டான்.

நினைத்துச் சிரிக்கவில்லை. தும்மல்போல வந்துவிட்டது. அவன் சிரித்ததும், அந்தப் பக்கம் வாஷிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டி இருவரும் சிரித்தார்கள். மகனே சிரிக்கிறானே, சிரிக்கலாம்போல என்று நினைத்திருப்பார்கள்.

விற்பனைப் பெண் சிரிக்கவில்லை. குனிந்துகொண்டு சத்தத்தைக் குறைக்க எதையோ தேடினாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். ஆட்டுக்குட்டிகளைப் பார்த்தார். திரும்பி அவனைப் பார்த்தார்.

அப்புறம் அவரும் சிரித்தார்.

அவனுக்குத் துணையாக.

ரிமோட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நாற்பத்து மூன்று இஞ்சா ஐம்பதா, சுவரில் மாட்டுவதா மேசையில் வைப்பதா, அந்தப் பெண் எதைக் கேட்டாலும் மகன் பக்கம் தலையை ஆட்டினார். அவன் பேசினான். நிறையப் பேசினான். தேவையில்லாத கேள்வியெல்லாம் கேட்டான்.

ஆட்டோவில் பெட்டியை இருவருக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அப்பாவின் விரல்கள் மட்டும் தெரிந்தன. மன்னிப்புக் கேட்க அதுதான் வசதி என்று தோன்றியது. வீடு வரும்வரை தோன்றிக்கொண்டே இருந்தது.

சுவரில் துளை போட அளவு எடுத்தது அப்பா. மாட்டியதும் ஒரு நூல்கூடச் சாயவில்லை.

மற்றதை அவன் பார்த்தான். மொழி கேட்டது. தமிழ். வைஃபை கேட்டது. பாஸ்வேர்டை அம்புக்குறியால் நகர்ந்து நகர்ந்து அடித்தான். தேதி, நேரம், ஊர். பின்னால் அப்பா, மிஞ்சிய ஸ்குரூக்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

அடுத்த பக்கம் வந்தது.

'குரல் மூலம் தேடுவதை இயக்கலாமா?'

ஆம். வேண்டாம்.

அவன் கை நின்றது. ஆம் என்றால் அது ஒரு விதம். வேண்டாம் என்றால் அது இன்னும் மோசம். இரண்டையும் அப்பா படித்துக்கொண்டிருப்பார்.

கீழே சின்ன எழுத்தில் 'பிறகு' என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினான்.

பின்னால் ஸ்குரூக்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது.

அம்மா காபியோடு வந்தாள். டி.வி.யை ஒரு கணம் பார்த்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் வெளியே போய்விட்டு வந்தால் அவளுக்கு எப்போதும் ஒரே கவலை.

"கடையில பேசறதுக்கு ஒண்ணும் சிரமமா இல்லீங்களே?"

அவன் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொல்லட்டும் என்றிருந்தது. நடந்ததை அப்படியே சொல்லிவிடட்டும்.

அப்பா கண்ணை மூடினார்.

"இ... இவன்... கூட இ... இருந்தானில்ல."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"எ... எனக்கென்ன கொ... கொ..."

இந்த மாதிரி நேரத்தில் அவன்தான் சொல்லை எடுத்துக் கொடுப்பான். பஸ்ஸில், ரேஷன் கடையில், டாக்டரிடம், சின்ன வயதிலிருந்து. அப்பாவும் தலையை ஆட்டி அதை வாங்கிக்கொள்வார். கொறை என்று சொன்னால் முடிந்தது.

"கொ... கொ..."

அவனுக்கு நாக்கு எழவில்லை.

கையில் டம்ளரோடு, வழக்கம்போல, அம்மா அவன் பக்கம் திரும்பினாள்.