மூடியுள்ள பெட்டி

சுவிஸின் பீல் நகரத்துச் சனிக்கிழமைச் சந்தை. பழஞ்சாமான் மேசையில் குவிந்த, பிள்ளைகளின் விளையாட்டுக் காசுகள் 1980களின் ஒரு காலை இளவெயிலில் மினுங்குகின்றன. இந்தத் தகரக் காசுகளைச் சேர்ப்பதுதான் நித்தியானந்தனின் பைத்தியம். அவை பெட்டியோடு கிடைப்பதோ குதிரைக்கொம்பு. கடைக்காரி விலை சொல்கிறாள். சம்மதம் என்று அவர் யாழ்ப்பாணத்துத் தலையை இடமும் வலமுமாக ஆட்டுகிறார். சுவிஸில் அதற்கு அர்த்தம் ‘வேண்டாம்’. அவள் யோசித்துவிட்டு, அதே விலைக்குக் காசுகளுக்குரிய நீல அட்டைப்பெட்டியையும் எடுத்து வைக்கிறாள். அவருக்கு வாயெல்லாம் பல். இன்னும் பலமாக ஆட்டுகிறார். அவள் பெருமூச்சு விட்டு, மேசைக்கடியில் துழாவி, பூனைப்படம் போட்ட மூடியையும் வைக்கிறாள். பக்கத்தில் நிற்கிற மனைவி கலாவதி சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள்.

“இஞ்சாருங்கோ, இன்னொருக்காத் தலையை ஆட்டுங்கோ. மேசையையும் தந்திடுவா.”