அசையாமல் அரை மணி

"சோனா நஹீ ஹை, மேடம்" என்றான் பிரிஜேஷ், அவள் பரிசோதனைக் கட்டிலில் படுத்ததுமே. அகல்யாவின் கை தானாகக் கழுத்துச் சங்கிலிக்குப் போனது.

தில்லிக்கு வந்து மூன்று வாரம்தான். அவளுக்குத் தெரிந்த இந்தி ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அதில் 'சோனா' ஒன்று. முனிர்கா பகுதியில் எடுத்த வாடகை அறைக்கு வந்த அன்றே கூடத் தங்கியிருக்கும் இந்துஜா சொல்லி வைத்திருந்தாள். "சோனான்னா தங்கம்டி. அந்த வார்த்தை காதுல விழுந்தா உஷாராயிரு."

நஹீ என்றால் இல்லை, கூடாது. ஆக, தங்கம் கூடாதாம். கழற்றி அவனிடம் கொடுக்க வேண்டுமாம்.

எதற்குக் கொடுக்க வேண்டும்? பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள் அவள், குடும்பத்திலேயே முதல் பட்டம். ஸ்கேன் மெஷின் என்றால் உள்ளே காந்தம் இருக்கும், கழற்றச் சொல்வதில் அர்த்தம் உண்டு. இது வெறும் மூச்சை அளக்கிற மெஷின். தலையை மூட ஒரு பிளாஸ்டிக் கூண்டு, அதிலிருந்து ஒரு குழாய். மூச்சுக்கும் மூன்று பவுனுக்கும் என்ன சம்பந்தம்?

"அச்சா" என்றாள், கழற்றாமலே. உள்ளே நுழைந்ததிலிருந்து அவன் சொன்ன எல்லாவற்றுக்கும் அச்சாதான். இந்தி தெரியாது என்று இவனிடம் போய் ஒப்புக்கொள்வாளா என்ன.

ஒரு நேரம்தான் சாப்பிடுகிறாள், எடை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அதற்காக டாக்டர் எழுதிக் கொடுத்த பரிசோதனை இது. "சும்மா படுத்திருந்தா உங்க பாடி எவ்ளோ கலோரி எரிக்குதுன்னு பாக்கணும்" என்று டயட்டீஷியன் ஷ்ரேயா காலையில் சொன்னாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், தடுக்கித் தடுக்கித்தான் தமிழ் வரும். "அரை மணி அசையக் கூடாது. பாக்கி ரூல்ஸ் டெக்னீஷியன் பிரிஜேஷ் அண்ணா சொல்வார்."

பாக்கி ரூல்ஸ் இதுதான் போல.

கூண்டு தலைமேல் இறங்கியது. இரவிலிருந்து வெறும் வயிறு, மேலே ஏசிக் குளிர். ஐந்தே நிமிடத்தில் கண் சொருகியது.

டக் டக் என்று கூண்டைத் தட்டினான். "மேடம், சோனா நஹீ."

திடுக்கிட்டு விழித்தாள். நரைத்த மீசை, கழுத்தில் அடையாள அட்டை, பார்த்தால் சாது மாதிரி. இந்த மாதிரி ஆட்களைத்தான் நம்பக் கூடாது. வேலை கிடைத்த அன்று அம்மா தன் கழுத்திலிருந்து கழற்றிப் போட்டுவிட்ட சங்கிலி. இது போனால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சாத்தூருக்குப் போவது?

சரி, ஆழம் பார்த்துவிடுவோம் என்று வேண்டுமென்றே கண்ணை மூடினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். பத்து வருவதற்குள் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது.

"சோனா நஹீ, மேடம். சோனா நஹீ."

கண்ணைத் திறந்தாள், போய்விட்டான். மறுபடி மூடினாள், மறுபடி வந்தான். நான்கு தரம் பார்த்தாயிற்று, நான்கு தரமும் அதே பாட்டு. விழித்திருக்கும்வரை அந்தப் பக்கம் திரும்பாதவன் கண்ணை மூடினால் மட்டும் வந்து நிற்கிறான். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மீதி நேரம் முழுக்கச் சங்கிலியை முஷ்டியில் இறுக்கிக்கொண்டு கூரையை முறைத்தபடி கிடந்தாள்.

கூண்டைத் தூக்கியதும் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். இந்திதான் வராதே தவிர இங்கிலீஷ் வரும். பரிசோதனை செய்தவர் திரும்பத் திரும்ப என் தங்கச் சங்கிலியைக் கேட்டார் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

மேனேஜர் இரண்டாம் முறை படிக்கவில்லை. பெண்களிடம் வாலாட்டினால் இங்கே மன்னிப்பே கிடையாது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு பிரிஜேஷைக் கூப்பிட்டார். கூப்பிட்ட வேகத்தில் கத்தவும் ஆரம்பித்தார்.

பிரிஜேஷ் ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கைகூப்பி அகல்யாவிடம் ஏதோ கேட்டான். நல்லா நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். மேனேஜர் கை நீட்டினார். அவன் அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

அப்போதுதான் கையில் ரிப்போர்ட்டுடன் ஷ்ரேயா வந்தாள். "அகல்யா, இது வேஸ்ட். நீங்க ரெஸ்ட்லயே இல்ல, ஃபுல் டென்ஷன்ல இருந்திருக்கீங்க. இன்னொரு நாள் வரணும்." அப்புறம்தான் மேஜைமேல் கிடந்த அட்டையைக் கவனித்தாள். "என்ன ஆச்சு? பதினெட்டு வருஷமா இங்க இருக்கார் அவர்."

"பதினெட்டு வருஷமா எத்தனை பேர்கிட்ட உருவினானோ. டென்ஷன் ஆகாம என்ன செய்வாங்க? என் சங்கிலி மேலேயே கண்ணு அவனுக்கு."

"செயினைத் தொட்டாரா?"

"தொட விட்ருவேனா? கேட்டுக்கிட்டே இருந்தான்."

"என்னன்னு கேட்டார்? அப்படியே சொல்லுங்க."

"நான் கண்ணை மூடுறப்பல்லாம் வந்து தட்டி, சோனா நஹீ, சோனா நஹீங்கிறான்."

ஷ்ரேயா பிரிஜேஷைப் பார்த்தாள். மேஜையிலிருந்த அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். பிறகு அகல்யாவின் பக்கம் திரும்பி, தமிழ்ச் சொல்லைத் தேடித் தேடிச் சொன்னாள்.

"ஹிந்தில தூங்குறதும் சோனாதான்."