ஒன்பதாவது கால் லிட்டர்

பல் டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு, மெல்லிய குழாயை மெதுவாக உள்ளே விட்டார். பெரிய சிரிஞ்சால் ஒரு இழு இழுத்ததும் கருகருவென்று ஏறியது. "கொஞ்சம் பொறுத்துக்கோடா கண்ணா, இன்னும் நாலே தடவை" என்று தட்டிக்கொடுத்தார்.

தட்டியது தன் காரின் பானட்டை. சனிக்கிழமை காலையானால் சொந்த வண்டியிலிருந்தே கால் லிட்டர் இன்ஜின் ஆயில் திருடுவது அவருக்கு எட்டு வாரப் பழக்கம்.

எல்லாம் பட்டறைக்காரரின் மகளால் வந்தது. அப்பாவையே தூக்கிச் சாப்பிடும் மெக்கானிக் அவள். "ஆயில் குறையுதுங்க" என்று போய் நின்றால், "இன்ஜினை ஆஃப் பண்ணுங்க, ஆயில் கீழே இறங்கட்டும்" என்று பத்து நிமிடம் உட்காரவைத்துப் பேசுவாள். அந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான் டாக்டர் மற்ற நாளெல்லாம் ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்த்து உயிர் வாழ்ந்தார்.

போன வாரம் அதிலும் மண் விழுந்தது. "எட்டு வாரமா ஒரு கசிவைக் கண்டுபிடிக்கத் துப்பில்லை, நீயெல்லாம் என்ன மெக்கானிக்?" என்று டாக்டர் எதிரிலேயே அப்பா எரிந்து விழுந்தார். அவள் சட்டென்று பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். தோள்கள் இரண்டும் குலுங்கின.

தன்னால் அவள் அழுதுவிட்டாளே! அந்த நினைப்பு இப்போது மறுபடி வந்து டாக்டரைப் பிடித்துக்கொண்டது. எடுத்த ஆயிலைச் சொட்டு விடாமல் திரும்ப ஊற்றினார். இனி அடுத்த சர்வீஸ் வரும்வரை, ஆறு மாதத்துக்குப் பட்டறைப் பக்கம் போக ஒரு சாக்கும் இல்லை. இன்றைக்கே மனசில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று கிளம்பினார்.

போனவர் சொன்னாரா? ஊரையே "ஆ காட்டுங்க" என்பவர், பத்து நிமிடமும் தன் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அவள் ஆயில் அளக்கும் கம்பியை உருவித் துடைத்தாள். மறுபடி செருகி எடுத்து, நுனியிலிருந்து ஒரு சொட்டை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள்.

"நெருடல் இல்லை, தண்ணியும் கலக்கலை. நல்லாத்தான் இருக்கு."

டாக்டர் எட்டிப் பார்த்தார். ஆயில், கம்பியில் முழு அளவைக் காட்டும் மேல் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவ்வளவுதான், இனி ஆறு மாதம் பட்டினி.

அவள் கம்பியை அவசரமாகத் துணியில் துடைத்தாள். "ஆனா, கால் லிட்டர் குறையுது டாக்டர்."

"அது எப்படிங்க குறையும்? இன்னிக்கு நான் எடுக்கவே இல்லையே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஓடிவிடலாமா என்று பார்த்தால் வண்டிச் சாவி அவள் கையில் இருந்தது.

அவள் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அதே மாதிரி தோள்கள் குலுங்கின. இந்தத் தடவை அடக்க முடியாமல் சிரிப்புச் சத்தமும் வெளியே வந்துவிட்டது.

"தெரியும். ஆனா அடுத்த சனிக்கிழமையும் நீங்க வரணுமில்ல?"