துணைக்குப் போனவர்

"எனக்குக் கேன்சரு தம்பி! புரோஸ்டேட்டுல!"

தூத்துக்குடியில் மதுரை பஸ் ஏறியதும் ஏறாததுமாக அம்புரோஸ் கண்டக்டரிடம் சொன்னார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"அது எங்கன இருக்கு அண்ணாச்சி?" கண்டக்டர் பயந்துபோய்க் கேட்டார்.

"மூத்திரப் பைக்குக் கீழ. ஆம்பளைக்கு மட்டும் உள்ள சாமான்!"

பின் சீட்டில் யாரோ சிரிப்பை மறைக்க இருமினார்கள். பக்கத்தில் இருந்த சிவபாலன் தலையைக் குனிந்து தன் செருப்பையே பார்த்தார்.

அம்புரோஸ் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ரிட்டயர் ஆனவர். சிவபாலனுக்குக் கருப்பட்டிக் கடை. பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இருவரும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார்கள்.

முன் சீட்டில் சிவபாலனின் அக்கா சங்கரம்மாள். எட்டயபுரம் வரை போகிறவள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பொம்பளைக இருக்க எடத்துல இப்படியா பேசுவேரு? வெக்கமா இல்ல?"

"சீக்குக்கு என்னக்கா வெக்கம்? இம்யூனோதெரபி குடுக்காங்க. நம்ம உடம்புக்குள்ளயே காவலுக்கு ஆள் உண்டாம். கேன்சர் பய கள்ள பாஸைக் காட்டி ஹார்பர் கேட்டைத் தாண்டுத மாதிரி உள்ள வந்துருதான். இந்த மருந்து ஏறுனதும் காவக்காரன் முழிச்சிக்கிட்டு, 'நில்லுலே'ன்னு சட்டையப் பிடிச்சிருதான்!"

கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை மறந்து கை தட்டினார். "எல்லாருக்கும் கேக்குமா அண்ணாச்சி?"

"கேக்காது. கட்டியைச் சோதிச்சு, தோதான ஆளுக்குத்தான் குடுப்பாங்க. அது ரொம்பக் கொறைச்சல் பேரு. லாட்டரி அடிச்ச மாதிரிதான்!"

"ஆமா, லாட்டரி!" சங்கரம்மாள் சீறினாள். "கடையைப் பூட்டிட்டு ஒம்ம பின்னால அலைஞ்சே எந்தம்பி பாதியாப் போயிட்டான். நீரு தெருக்காரங்க பாவப்பட்டுக் குடுக்க நாட்டுக்கோழி சூப்பாக் குடிச்சுக் குண்டாயிட்டேரு!"

"சூப்பு நல்லாத்தாங்க்கா இருக்கு!"

எட்டயபுரத்தில் இறங்கும்போது தம்பியின் காதில் சொன்னாள். "இனி இந்தாளுகூடப் போகாத. வெக்கங்கெட்ட மனுசன்."

சிவபாலனுக்குக் கண் கலங்கியது. "போகாம எப்படிக்கா?" என்றார் மெதுவாக.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜெபசுதா சிரித்துக்கொண்டே எதிரே வந்தாள்.

"ரத்தத்துல கேன்சரைக் காட்டுத பி.எஸ்.ஏ. அளவு நல்லா எறங்கிருக்கு. ஸ்கேன்லயும் கட்டி சுருங்கிருக்கு. டாக்டருக்கே ஒரே சந்தோசம்!"

அவ்வளவுதான். அம்புரோஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வார்டு நடுவில் ஆட ஆரம்பித்துவிட்டார். ஆடிக்கொண்டே பையிலிருந்த தூத்துக்குடி முந்திரி இனிப்பான மக்ரூனை ஆளுக்கொன்றாக நீட்டினார். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் மக்ரூனைக் கடித்தபடியே கட்டில் கம்பியில் தாளம் போட்டார். கடைசியில் மூச்சு வாங்க, காலியாக இருந்த கட்டிலில் சாய்ந்தார் அம்புரோஸ்.

"அண்ணாச்சி, ஆட்டம் போதும், எந்திரிங்க," என்றாள் ஜெபசுதா. "பேஷன்ட் படுக்கணும்."

அம்புரோஸ் எழுந்துகொள்ள, சிவபாலன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அந்தக் கட்டிலில் படுத்தார்.

"வெளிய தெரிஞ்சா வைத்தியமே வேண்டாம்னேன். அதுக்காக நீரு ஊரெல்லாம் இவ்வளவு ஏச்சு வாங்கணுமாவே?"

"ஊருக்குத்தான்வே நான் சீக்காளி, மருந்து உமக்கு. கூச்சப்படாமக் கையை நீட்டும்!"