ஐந்து பேருக்குக் கீழே

கன்டெய்னர் யார்டின் உணவுக்கூடச் சுவரில், ஊழியர்களின் மனநிறைவைக் காட்டும் வரைபடத்தை அமலி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஆய்வை நடத்தியவளும் அவள்தான். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வண்ணப் பட்டை எழும்பி நின்றது. ‘பெண் ஓட்டுநர்கள்’ என்ற பெயருக்கு மேலே மட்டும் வெறும் தாள். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒரே பெண்ணான தெய்வகனி, ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கியபடி வந்து, அந்த வெற்றிடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேனே மேடம். நான் எங்க?”

“ஒரு பிரிவுல அஞ்சு பேருக்குக் கீழ இருந்தா காட்ட மாட்டோம்க்கா. யார் சொன்னதுன்னு தெரிஞ்சிடக் கூடாதுல்ல? உங்க நல்லதுக்குத்தான்.”

“தெரிஞ்சாத்தான் என்ன?”

அமலி வரைபடத்தின் மூலையை அழுத்தி ஒட்டினாள்.

“அப்ப இன்னும் நாலு பேர் வரணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட தெய்வகனி, ஹெல்மெட்டுக்குள் முடி அடங்குவதற்காக அதை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டிக்குத் திரும்பினாள்.

அடுத்த ஆண்டும் அமலி அதே வெற்றிடத்தோடுதான் வந்தாள். ஒட்டி முடித்துவிட்டுக் கை கழுவ, பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் போனாள். சுவரில் வரிசையாக ஐந்து கொக்கிகள் இருந்தன. ஒன்றில் தெய்வகனியின் துப்பட்டா. மற்ற நான்கிலும் கொக்கிக்கு ஒன்றாக, யாரும் கட்டாத ரப்பர் பேண்ட் தொங்கியது. ஜன்னலோரக் கொக்கியில் இருந்தது வெயில் பட்டு இற்றுப்போயிருந்தது. அதன் மேலேயே தெய்வகனி புதிதாக இன்னொன்றை மாட்டியிருந்தாள்.